இரட்டை உடற்பகுதிப் போர் வானூர்தி

இரட்டை உடற்பகுதி வானூர்தி என்பது, ஒரே இறக்கையால் அருகருகே இணைக்கப்பட்ட இரண்டு முழுமையான உடற்பகுதிகளைக் கொண்ட வானூர்தி ஆகும். முதலாம் உலகப் போர்க் காலம் தொட்டுப் பல நாடுகள் இவ்வமைப்பைப் படைத்துறைத் தேவைகளுக்காக முயன்று பார்த்துள்ளன. அவற்றுள் நூற்றுக்கணக்கில் தயாரிக்கப்பட்டவை மிகச் சிலவே. ஐக்கிய அமெரிக்காவின் ஸ்ட்ராட்டோலாஞ்ச் நிறுவனத்துக்குச் சொந்தமான "ராக்" என்னும் மாபெரும் இரட்டை உடல் வானூர்தி 2024 ஆம் ஆண்டு முதல் அதிவேக ஆய்வூர்திகளைச் சுமந்து சென்று ஏவி வருகிறது. சீனாவில் உருவான இரட்டை உடல் கொண்ட ஆளில்லா வானூர்தி ஒன்றின் படங்கள் 2015 இல் வெளிவந்தன. இவற்றால், இவ்வமைப்பு படைத்துறை நடைமுறைக்கு ஏற்றதா என்னும் பழைய கேள்வி மீண்டும் எழுந்துள்ளது.

இதுவரையிலான வரலாற்றை நோக்கும்போது, இவ்வகை வானூர்திகளுட் பல நன்றாகவே பறந்தன என்பதும், அவை பயன்பாட்டுக்கு வருவதற்குள் அவற்றை வேண்டிய தேவை மாறிவிட்டது என்பதும் தெரியவருகின்றன.

பெயர்க் குழப்பம்

இரட்டை உடற்பகுதி வானூர்தியையும் இரட்டை வால்தண்டு வானூர்தியையும் ஒன்றெனக் கருதுவது பரவலான தவறு. இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற லாக்ஹீட் பி-38 லைட்னிங் வானூர்தியில் விமானி நடுவிலுள்ள சிறிய கூட்டில் அமர்ந்திருப்பார். இருபுறமும் உள்ள நீண்ட பகுதிகள் இயந்திரத்தையும் வாலையும் தாங்கும் தண்டுகள் மட்டுமே. இந்திய வான்படை நெடுங்காலம் பயன்படுத்திய சி-119 பாக்கெட் சரக்கு வானூர்தியும், இந்தியப் படைகளிடம் உள்ள இசுரேலியத் தயாரிப்பான ஹெரான் ஆளில்லா வானூர்தியும் இந்த வால்தண்டு வகையைச் சேர்ந்தவை. உண்மையான இரட்டை உடல் வானூர்தியில் நடுக்கூடு இராது. ஆட்கள், எரிபொருள், கருவிகள் ஆகியவை பெரும்பாலும் இரு உடல்களிலும் பிரிந்திருக்கும்; நடுவில் இறக்கை மட்டுமே இருக்கும். இந்த வெற்றிடமே இவ்வமைப்பின் மிகப்பெரிய வலிமை என்பதைப் பின்னர்க் காணலாம்.

எடைப் பகிர்வின் கணக்கு

பறக்கும் வானூர்தியின் இறக்கை முழுவதிலும் ஏற்றுவிசை மேல்நோக்கிச் செயற்படுகிறது. எடையோ பெரும்பாலும் நடுவிலுள்ள உடற்பகுதியில் குவிந்திருக்கிறது. இதனால் இறக்கை மேல்நோக்கி வளைய முற்படுகிறது. இந்த வளைவுத் திருப்புத்திறன் இறக்கையின் அடிப்பகுதியில் மிகுதியாக இருக்கும். அதைத் தாங்கவே இறக்கையின் அடிப்பகுதி தடிப்பாகவும் கனமாகவும் அமைக்கப்படுகிறது.

40 டன் எடையும், முனைக்கு முனை 40 மீட்டர் நீள இறக்கையும் கொண்ட ஒரு வானூர்தியை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக வேண்டி, இறக்கையின் எடையை நீக்கிவிட்டு, ஏற்றுவிசை மீட்டருக்கு ஒரு டன் வீதம் சீராகப் பரவியிருப்பதாகக் கொள்ளலாம். உடல் ஒன்றாக நடுவில் இருந்தால், ஒவ்வொரு பக்க இறக்கையிலும் 20 டன் விசை, நடுவிலிருந்து சராசரியாக 10 மீட்டர் தொலைவில் செயற்படுகிறது. நடுவில் வளைவுத் திருப்புத்திறன் 200 டன்-மீட்டர். இப்போது அதே எடையை 20 டன் வீதம் இரண்டு உடல்களாகப் பிரித்து, நடுவிலிருந்து இருபுறமும் 10 மீட்டர் தள்ளி வைப்போம். ஒவ்வோர் உடலுக்கும் வெளியே எஞ்சியிருப்பது 10 மீட்டர் இறக்கை மட்டுமே. அங்கு 10 டன் விசை சராசரியாக 5 மீட்டர் தொலைவில் செயற்படுவதால், உடலருகே திருப்புத்திறன் 50 டன்-மீட்டர். வானூர்தியின் நடுவிலோ அது சுழியம். அதாவது, இறக்கை தாங்கவேண்டிய மிகப்பெரும் வளைவு நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது.

உண்மையான இறக்கையில் ஏற்றுவிசை இவ்வளவு சீராகப் பரவுவதில்லை. எனவே பயனும் இவ்வளவு பெரிதாக இராது. ஆயினும் அடிப்படை உண்மையே. அப்பல்லோ திட்டத்தில் நிலவின் சுற்றுப்பாதையில் கலங்களை இணைக்கும் முறைக்காக வாதாடி வென்ற பொறியியலாளர் ஜான் ஹூபோல்ட், 1982 இல் இரட்டை உடல் வானூர்திகளின் இந்த நன்மையை எடுத்துரைத்து ஒரு கட்டுரை எழுதினார். இலேசான இறக்கை என்றால் கூடுதல் எரிபொருள், நீண்ட தொலைவு, பெரிய சுமை என்று பொருள்படும்.

கணக்கின் மறுபக்கமும் உண்டு. ஒரே கொள்ளளவை ஒரே வடிவுள்ள இரண்டு சிறிய உடல்களாகப் பிரித்தால் மொத்த மேற்பரப்பு சுமார் 26 விழுக்காடு கூடுகிறது. காற்றின் உராய்வும் அதற்கேற்பக் கூடும். எடை நடுவிலிருந்து விலகிச் செல்வதால் உருளும் அசைவுக்கான நிலைமத் திருப்புத்திறனும் பெருகுகிறது. தொலைவு இரு மடங்கானால் இது நான்கு மடங்காகும். எனவே இத்தகைய வானூர்தி பக்கவாட்டில் சாய்ந்து திரும்பச் சோம்பல் காட்டும். சரக்கு வானூர்திக்கு இது பெரிய குறையன்று. எதிரியைத் துரத்த வேண்டிய சண்டை வானூர்திக்கோ உயிர்ச் சிக்கல். மேலும், இரண்டு உடல்களும் ஒரே நேரத்தில் வெவ்வேறு திசைகளில் மூக்கை உயர்த்தவோ தாழ்த்தவோ முற்பட்டால் நடு இறக்கை முறுக்கப்படும். வளைவில் சேமித்த எடையின் ஒரு பகுதியை இந்த முறுக்கைத் தாங்குவதற்குச் செலவிட நேரிடுகிறது.

தொடக்ககால முயற்சிகள்

ஜெர்மானிய செப்பலின் வான்கப்பல்களைத் தாக்குவதற்காக 1915 இல் பிரித்தானியாவின் பிளாக்பர்ன் நிறுவனம் இரட்டை உடல் கொண்ட கடல் வானூர்தி ஒன்றை உருவாக்கியது. இதில் விமானி ஓர் உடலிலும் நோக்கர் மற்றோர் உடலிலும் அமர்ந்தனர். இயந்திர இரைச்சலில் ஒருவரோடு ஒருவர் பேச வழியில்லை. கைச் சைகையே மொழி. இயந்திரங்களின் ஆற்றலும் போதவில்லை. ஒன்பது வானூர்திகளோடு முயற்சி நின்றது.

இத்தாலியின் சவோயா-மார்க்கெட்டி எஸ்.55 இதற்கு நேர்மாறான வெற்றி. 1924 இல் முதன்முதலில் பறந்த இது, நீரில் மிதக்கும் இரண்டு படகுடல்களைக் கொண்டது. விமானிகள் இரு உடல்களுக்கும் நடுவே தடித்த இறக்கையினுள் அமர்ந்தனர். இரண்டு இயந்திரங்கள் அவர்கள் தலைக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தப்பட்டிருந்தன. இரண்டு படகுகள் அருகருகே மிதப்பதால் கடலில் கவிழாத நிலைப்பு கிடைத்தது. 1933 இல் இத்தாலிய வான்படை அமைச்சர் இட்டாலோ பால்போ, இவ்வகை வானூர்திகள் 24 ஐ அணியாக அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து சிகாகோ நகருக்கு அழைத்துச் சென்றார். பெரும் வானூர்தி அணிவகுப்பை ஆங்கிலத்தில் "பால்போ" என்றே அழைக்கும் வழக்கம் இதிலிருந்து வந்தது. இதைப் பின்பற்றியது போன்ற பெரிய வடிவில் சோவியத் ஒன்றியம் 1934 இல் பறக்கவிட்ட டுப்போலெவ் ஏ.என்.டி-22, ஆறு இயந்திரங்கள் இருந்தும் மிக மெதுவாகவே பறந்தது. ஒன்று மட்டுமே கட்டப்பட்டது.

ஹைன்கெல் 111 இசட்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி மெசர்சிமிட் 321 என்னும் மிகப்பெரிய கிளைடரை உருவாக்கியது. இயந்திரமற்ற இதன் இறக்கை நீளம் 55 மீட்டர். கனரக வண்டிகளையும் ஏற்றிச் செல்லக்கூடிய இந்தக் கிளைடரை வானில் இழுத்துச் செல்லத் தக்க ஆற்றலுள்ள வானூர்திதான் கிடைக்கவில்லை. மூன்று மெசர்சிமிட் 110 வானூர்திகளைத் தனித்தனிக் கயிறுகளால் கட்டி ஒரே நேரத்தில் இழுக்கும் முறை கையாளப்பட்டது. மூன்று விமானிகளும் துல்லியமாக ஒத்துப் பறக்க வேண்டியிருந்த இம்முறையில் ஒருவர் தவறினாலும் நால்வருக்கும் ஆபத்து. உயிரிழப்பும் நேர்ந்தது.

இதற்கு மாற்றாக, ஏற்கெனவே பெருமளவில் தயாரிக்கப்பட்டு வந்த ஹைன்கெல் 111 குண்டுவீச்சு வானூர்திகள் இரண்டை ஒரு புதிய நடு இறக்கையால் இணைத்து, அந்த நடு இறக்கையில் ஐந்தாவது இயந்திரம் ஒன்றைப் பொருத்தினர். "இரட்டையர்" என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்தே இதன் பெயரிலுள்ள இசட். விமானி இடப்புற உடலில் அமர்ந்து ஐந்து இயந்திரங்களையும் கட்டுப்படுத்தினார். ஆபத்தான மூன்று கயிற்று முறைக்கு இது உறுதியான தீர்வாக அமைந்தது. புதிதாக ஒரு பெரிய வானூர்தியை வரைந்து, சோதித்து, அதற்கெனத் தொழிற்சாலை அமைக்கும் காலம் மிச்சமானது. இருக்கும் உதிரி பாகங்களும் பயிற்சி பெற்ற ஆட்களும் அப்படியே பயன்பட்டனர். இரட்டை உடல் அமைப்பின் மிகத் தெளிவான நடைமுறைப் பயன் இதுவே எனலாம்.

ஆனால் கட்டப்பட்டவை ஏறத்தாழ பன்னிரண்டு மட்டுமே. ஸ்டாலின்கிராடில் சுற்றிவளைக்கப்பட்ட ஜெர்மானியப் படைக்கு உணவும் வெடிபொருளும் கொண்டுசெல்ல இவற்றைப் பயன்படுத்தக் கருதியபோது, இவ்வளவு பெரிய இணை இறங்கத்தக்க தளம் அங்கே இல்லை. 1943 இல் கூபான் பகுதியிலிருந்து படைகளை வெளியேற்றும் பணியில் இவை ஈடுபட்டன. அதற்குள் மெசர்சிமிட் நிறுவனம் அந்தக் கிளைடரின் இறக்கையிலேயே ஆறு இயந்திரங்களைப் பொருத்தி மெசர்சிமிட் 323 என்னும் தனித்தியங்கும் சரக்கு வானூர்தியை ஆக்கிவிட்டது. இழுக்கப்பட வேண்டியது தானே பறக்கத் தொடங்கியபின் இழுப்பதற்கு எதுவும் எஞ்சவில்லை. மெசர்சிமிட் 323 ஏறத்தாழ 200 கட்டப்பட்டன. இரண்டு மெசர்சிமிட் 109 சண்டை வானூர்திகளை இணைத்துச் செய்த மற்றொரு மாதிரி, பறக்கும் முன்பே நேச நாடுகளின் குண்டுவீச்சில் சேதமடைந்து கைவிடப்பட்டது.

எஃப்-82 இரட்டை மஸ்டாங்

இரட்டை உடல் போர் வானூர்திகளுள் மிகவும் வெற்றி பெற்றது அமெரிக்காவின் நார்த் அமெரிக்கன் நிறுவனம் தயாரித்த எஃப்-82 ஆகும். இதன் தேவை பசிபிக் பெருங்கடலின் தொலைவிலிருந்து பிறந்தது. இவோ ஜிமா தீவிலிருந்து சப்பானின் தோக்கியோவுக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். குண்டுவீச்சு வானூர்திகளுக்குக் காவலாகச் சென்ற பி-51 மஸ்டாங்கின் ஒற்றை விமானி, நீர்ப்பரப்பின் மேல் ஏழெட்டு மணி நேரம் அசையாது அமர்ந்து, வழியைத் தானே கணித்து, இடையில் சண்டையும் இட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. 1945 ஜூன் 1 அன்று வழியில் புயல்மேகத்துள் சிக்கி 27 மஸ்டாங்குகள் அழிந்தன. எதிரியின் குண்டு ஒன்றுகூட அந்த இழப்புக்குக் காரணமன்று. இரண்டு விமானிகள் மாறிமாறி ஓட்டக்கூடிய, இன்னும் தொலைதூரம் செல்லும் காவல் வானூர்தி வேண்டும் என்ற திட்டம் அதற்கு முன்பே, 1944 இல், தொடங்கப்பட்டிருந்தது.

இரண்டு மஸ்டாங்குகளை ஒட்டவைத்ததே இவ்வானூர்தி என்று பலர் எழுதுவதுண்டு. உண்மையில் உடற்பகுதிகள் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீட்டப்பட்டன. இறக்கையும் சக்கரத் தொகுதியும் மாற்றியமைக்கப்பட்டன. மிகுதியான பாகங்கள் புதியவை. ஆகவே, இருப்பதை இணைத்து விரைவில் முடிக்கலாம் என்னும் நன்மை இங்கு அவ்வளவாகக் கிட்டவில்லை.

1945 ஜூனில் முதற்சோதனையின்போது வானூர்தி ஓடுபாதையை விட்டு எழ மறுத்துவிட்டது. இரண்டு இயந்திரங்களின் சுழல்விசிறிகளும் எதிரெதிர்த் திசைகளில் சுழலுமாறு அமைக்கப்பட்டிருந்தன. நடு இறக்கையின் பக்கத்தில் அவற்றின் அலகுகள் கீழிருந்து மேலாகச் சென்றதால், அவை தள்ளிய காற்று நடு இறக்கையின் ஏற்றுவிசையைக் கெடுத்துவிட்டது. இரு இயந்திரங்களையும் இடம் மாற்றி, அலகுகள் நடுவில் மேலிருந்து கீழாகச் செல்லுமாறு செய்தபின் வானூர்தி பறந்தது. இரண்டு உடல்களுக்கு இடைப்பட்ட காற்றோட்டம் தனி வானூர்தியின் காற்றோட்டத்தைப்போல இருமடங்கு அன்று, முற்றிலும் வேறொன்று என்பதற்கு இந்நிகழ்ச்சி சிறந்த பாடம்.

அடுத்த இரு மாதங்களில் போர் முடிந்தது. கேட்கப்பட்ட முதல் 500 இல் 20 மட்டுமே அவ்வகையில் கட்டப்பட்டன. அவற்றுள் ஒன்றான "பெட்டி ஜோ", 1947 பிப்ரவரி இறுதியில் ஹவாயிலிருந்து நியூயார்க் வரை 8,129 கிலோமீட்டர் தொலைவை 14 மணி 32 நிமிடங்களில் எங்கும் இறங்காமல் கடந்தது. காலியான கூடுதல் எரிபொருள் தொட்டிகளுள் மூன்று கழலாமல் தொங்கிக்கொண்டே வந்தும் இது நிகழ்ந்தது. சுழல்விசிறியால் இயங்கும் சண்டை வானூர்தி ஒன்று இறங்காமல் பறந்த மிக நீண்ட பயணம் இது. எடைப் பகிர்வு தரும் நன்மைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

போருக்குப் பின் எஃப்-82 இரவுநேரக் காவல் வானூர்தியாக மாற்றப்பட்டது. இங்குதான் நடுவிலுள்ள வெற்றிடம் கைகொடுத்தது. ராடார் கருவி நடு இறக்கையின் கீழே, சுழல்விசிறிகளுக்கு முன்னால் நீளும் தனிக் கூட்டில் தொங்கவிடப்பட்டது. வலப்புற உடலில் இரண்டாம் விமானிக்குப் பதிலாக ராடார் இயக்குநர் அமர்ந்தார். கொரியப் போர் வெடித்தபோது, சப்பானிலிருந்து சென்று கொரியாவின் வான்பரப்பில் நீண்ட நேரம் சுற்றிக் காவல் காக்கக்கூடியவையாக இருந்தவற்றுள் இதுவும் ஒன்று. 1950 ஜூன் 27 அன்று, சியோல் அருகே கிம்போ தளத்திலிருந்து பொதுமக்கள் வெளியேற்றப்பட்டபோது காவலுக்குப் பறந்த எஃப்-82 வானூர்திகள் வடகொரிய வானூர்திகள் மூன்றைச் சுட்டு வீழ்த்தின. வில்லியம் ஹட்சன் ஓட்டிய வானூர்தி வீழ்த்தியதே அப்போரில் அமெரிக்க வான்படையின் முதல் வான்வெற்றியாகப் பதிவாகியுள்ளது.

அதே ஆண்டு நவம்பரில் மிக்-15 தாரை வானூர்திகள் களத்துக்கு வந்தன. மணிக்கு ஏறத்தாழ 740 கிலோமீட்டர் செல்லும் எஃப்-82, ஆயிரத்தைத் தாண்டும் மிக்-15 உடன் போட்டியிட இயலவில்லை. மொத்தம் சுமார் 270 மட்டுமே கட்டப்பட்டிருந்ததால் உதிரி பாகங்களுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1953 இல் இவை ஓய்வு பெற்றன.

விமானியின் இருக்கை

எந்த உடலில் விமானியை அமர்த்துவது என்பது சிறிய செய்தி போலத் தோன்றினும் நடைமுறையில் பெரியது. வழக்கமான வானூர்தி உருளும்போது விமானி ஏறத்தாழ சுழல் அச்சிலேயே இருப்பதால் சாய்வை மட்டும் உணர்கிறார். இரட்டை உடலில் அவர் அச்சிலிருந்து விலகி இருப்பதால் ஒவ்வொரு சாய்விலும் ஊஞ்சலில் அமர்ந்தவர்போல் மேலும் கீழும் தூக்கப்படுகிறார். இதன் விளைவை ஆராயவே அமெரிக்கர்கள் பி-38 வானூர்தி ஒன்றின் இடத்தண்டில் கூடுதல் இருக்கை அமைத்துப் பறந்து பார்த்தனர். மேலும், ஒருபக்கப் பார்வையை மற்றோர் உடல் மறைக்கும். ஆளில்லா வானூர்தியில் இவ்விரு இடர்களும் தாமே நீங்கிவிடுகின்றன.

தற்காலப் பயன்பாடு

சீனாவின் "தெய்வீகக் கழுகு" என்னும் ஆளில்லா வானூர்தி, நீண்ட மெல்லிய இறக்கையில் இரண்டு உடல்களைக் கொண்டது. மிக உயரத்தில் நெடுநேரம் சுற்றி, ராடாரில் எளிதிற் சிக்காத வானூர்திகளைத் தொலைவிலேயே கண்டறிய இது உருவாக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பெரிய ராடார் அலைவாங்கிகளைப் பதிக்க இரண்டு உடல்களின் நீண்ட பக்கங்கள் இடம் தருகின்றன. உருளும் வேகம் இங்கு தேவையில்லை, விமானியும் இல்லை. மேலே கூறிய குறைகளுட் பெரும்பாலானவை இப்பணிக்குப் பொருந்தாதவை என்பதால், இரட்டை உடலுக்கு மிக இயல்பான இடம் இதுவாகவே தோன்றுகிறது.

"ராக்" வேறு வகையானது. மைக்ரோசாப்ட் நிறுவனர்களுள் ஒருவரான பால் ஆலன், விண்வெளிக்குச் செல்லும் ஏவூர்திகளை வானிலிருந்து ஏவுவதற்காக இதைக் கட்டுவித்தார். முன்பு அமெரிக்கர்கள் எக்ஸ்-15 ஆய்வூர்தியை பி-52 வானூர்தியின் வலப்புற இறக்கையின் கீழே தொங்கவிட்டனர். அதன் வாலுக்கு இடமளிக்க இறக்கையின் பின்விளிம்பை வெட்ட வேண்டியிருந்தது. சுமை பெரிதானால் ஒருபக்கம் தொங்கவிடவும் இயலாது, ஒற்றை உடலின் அடியில் இடமும் இராது. இரண்டு உடல்களுக்கு நடுவே தொங்கவிடுவதே நேரான வழி. அதனால் 117 மீட்டர் இறக்கை, ஆறு இயந்திரங்கள், 28 சக்கரங்கள், ஏறத்தாழ 225 டன் சுமக்கும் திறன் ஆகியவற்றோடு "ராக்" உருவானது. இயந்திரங்கள் உட்படப் பல பாகங்கள் இரண்டு பழைய போயிங் 747 வானூர்திகளிலிருந்து எடுக்கப்பட்டவை. விமானிகள் வலப்புற உடலில் அமர்கின்றனர்.

ஆலன் 2018 அக்டோபரில் காலமானார். சொந்த ஏவூர்தித் திட்டம் 2019 தொடக்கத்தில் கைவிடப்பட்டது. "ராக்" முதன்முதலில் பறந்தது 2019 ஏப்ரல் 13 அன்று. சுமக்க வேண்டிய ஏவூர்தி இல்லாமலேயே வானூர்தி பறந்தது. பின்னர் உரிமை கைமாறி, ஒலியைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில் செல்லும் டாலன்-ஏ ஆய்வூர்திகளை ஏவும் பணி இதற்குக் கிடைத்தது. 2024 மார்ச்சில் முதல் டாலன் தன் இயந்திரத்தால் பறந்தது. 2024 டிசம்பரிலும் 2025 மார்ச்சிலும் அடுத்த ஊர்தி ஐந்து மடங்கு வேகத்தைக் கடந்து, ஓடுபாதையில் பத்திரமாக இறங்கியது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் அதிவேக ஏவுகணை ஆய்வுக்கு இது மிகவும் பயனுள்ள கருவியாகிவிட்டது. எனினும் டாலனின் எடை ஏறத்தாழ 3 டன் மட்டுமே. "ராக்" சுமக்கக்கூடியதில் அது நூற்றில் இரண்டு பங்கு கூட இல்லை.

இடம் சார்ந்த தடையும் உண்டு. பன்னாட்டு வானூர்திப் போக்குவரத்து அமைப்பு வகுத்துள்ள வானூர்தித் தள வகைகளுள் மிகப்பெரியதே 80 மீட்டருக்குக் குறைவான இறக்கை நீளத்துக்குத்தான். "ராக்" கலிபோர்னியாவின் மொகாவி தளத்திலுள்ள 3.8 கிலோமீட்டர் ஓடுபாதையிலிருந்து இயங்குகிறது. வேறு நாட்டுக்கோ வேறு கடற்கரைக்கோ அனுப்பி அங்கிருந்து சோதனை நடத்துவது எளிதன்று. 2023 இல், திவாலான வர்ஜின் ஆர்பிட் நிறுவனத்தின் போயிங் 747 வானூர்தி ஏலத்துக்கு வந்தது. அதை 1.7 கோடி டாலருக்கு வாங்கியது ஸ்ட்ராட்டோலாஞ்ச் நிறுவனமே. டாலன் ஊர்திகளை இறக்கையின் கீழே சுமந்து, வழக்கமான பெரிய வானூர்தி நிலையங்களிலிருந்து இயங்கும் இரண்டாவது தாய் வானூர்தியாக அது தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்கு உடல் ஒன்றுதான்.